ஓர் எழுத்து, பல ஒலி



“ககரம் ஒன்றையே வைத்துக்கொண்டு பல விதமாக ஒலிக்கச் சொன்னால் பிள்ளை குழம்பாதா?” என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. கூடுதல் எழுத்துகளை உருவாக்கலாமே என்பாரும் உளர். வேறு சிலரோ 247 எழுத்துகள் உள்ளமையே தமிழின் பெருமை என்பர். இரு சாராரும் ரொத்தோகாஸ் என்னும் மொழியைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

பப்புவா நியூகினியைச் சேர்ந்த புகன்வில் தீவில் சில ஆயிரம் மக்கள் பேசும் மொழி அது. அதற்கு உரோமன் எழுத்துகள் பன்னிரண்டே போதுமானவை. உயிர் ஐந்து, நெடில் வேண்டின் உயிரை இரட்டித்து எழுதுவர். நடுவண் வட்டார வழக்கில் மெய்யொலிகள் ஆறுதாம். நம் மெல்லினம் போன்ற மூக்கொலிகளுக்குத் தனி எழுத்தே இல்லை. ரகர எழுத்து ஒன்றே ரகரமாகவும் லகரமாகவும் ‘பந்து’ என்பதில் வரும் தகரத்தை ஒத்தும் ஒலிக்கும். எப்படி ஒலித்தாலும் பொருள் மாறாது. ஆதலால் ஓர் எழுத்து போதும்.

இதைக் கேட்டு ‘வளராத மொழி’ என்று எண்ணிவிட வேண்டா. அம்மொழியின் ஐத்தா வழக்கில் மூக்கொலிகள் தனித்து நிற்பதை 2006இல் ஸ்டூவர்ட் ராபின்சன் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பழைய வேறுபாடுகள் நடுவண் வழக்கில் பின்னாளில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதே அவர் முடிபு.

நம் ககரமும் இத்தகையதே. கல், பகல், பங்கு, பக்கம் ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்கிறது. மலாயில் நிலைமை வேறு: ‘காஜி’ என்பதன் முதலொலியை வன்மையாகச் சொன்னால் ஆராய்தல், ‘பங்கு’ என்பதில் வருவதுபோல் சொன்னால் சம்பளம். பொருள் மாறுவதால் அங்கு இரண்டு எழுத்து வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை.

எனினும், பெற்றோரின் கவலையை நான் புறந்தள்ளவில்லை. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு இவ்விதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தமிழ் பேசாத வீட்டுப் பிள்ளைதான் ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ என்று படிக்கிறது. அதற்கு எழுத்தின்மேல் பழி போடுவது முறையன்று. அப்பிள்ளைக்கு நாம் எழுத்தட்டைகளையும் பயிற்றிகளையும் வாங்கிக் குவிக்கிறோம். காதுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. முதலாம் ஆண்டில் முதல் சில வாரங்களையேனும் கதை கேட்கவும் பேசவும் ஒதுக்கிவிட்டு, பிறகு நெடுங்கணக்கைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. பாடத்திட்டம் ஓடுகிறதே என்பீர்கள். ஓடட்டும்.