சூடு கண்ட கார்

பழைய கார் வைத்திருப்பவர்களைச் சுலபமாக அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ரோட்டைப் பார்த்து ஓட்டமாட்டார்கள். டாஷ்போர்டில் 'சி'க்கும் 'ஹெச்'சுக்கும் நடுவே நடுங்குகிற முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். முள் பாதியைத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். முக்காலைத் தாண்டினால் குலதெய்வத்தின் பெயர் வரும். அதற்கு மேல் போனால் வருகிற வார்த்தைகளை ஆசிரியர் அச்சில் ஏற்றமாட்டார்.

சூடாவது காரின் குற்றமல்ல சார். நீங்கள் 100 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால், தோராயமாக முப்பது ரூபாய் புகைக்குழாய் வழியே உஷ்ணமாகப் போய்விடுகிறது. இன்னொரு முப்பது ரூபாய் எஞ்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்குத் தானம். சக்கரத்துக்குக் கிடைப்பது மிச்சம்தான். இப்படி ஒரு நஷ்டக் கம்பெனியை நான் பி.காம். பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரண்டாவது முப்பது ரூபாய் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டால் கம்பெனியே திவால்.

திருவட்டாறில் என் மாமாவிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. (1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியோடு நின்றுபோன வண்டி. நம்மில் பாதிப்பேர் கிளட்ச் பழகியது இதில்தான்.) மாமா ரிட்டயர்டு வாத்தியார். தேய்மானக் கணக்கில் 'குறைந்துசெல் மதிப்பு முறை' என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் ஒரு சதவீதம் கழிப்பார்கள். எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் வராது. மாமாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது, ஆனால் காரைப் பற்றி அவருடைய கட்சி அதுதான். மாமியை மாதம் ஒருமுறை நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது இந்தக் காரில்.

போன வருஷம் அதற்குச் சூடு பிடித்தது. வேர்க்கிளம்பி போய்ச் சேர்வதற்குள் முள் 'ஹெச்'சில் போய் முட்டும். ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் ஆறு, நடுவில் தண்ணீருக்குத் தவிக்கும் வண்டி!

முதல் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்: 1,500 ரூபாய். இரண்டாமவர் வாட்டர் பம்பை மாற்றினார்: 2,800. மூன்றாமவர் எதையும் தொடவில்லை. தூரத்தில் நின்று, "எஞ்ஜின் வேலை செய்யணும்" என்று 35,000 சொன்னார். மாமா மகன் பெங்களூரிலிருந்து போனில், "பேசாம காயலான் கடையில போடுங்கப்பா" என்றான். தொடாமல் வைத்தியம் சொல்கிறவருக்குக் கூலி அதிகம் என்பது எல்லாத் தொழிலிலும் உண்டுபோல.

கடைசியாக வந்தவர் ஆசான். எங்கள் ஜில்லாவில் வர்ம வைத்தியருக்கும் ஆசான், தொழில் கற்றுக்கொடுப்பவருக்கும் ஆசான். இவர் எழுபதைத் தாண்டிய கார் ஆசான். எஞ்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, முள் மேலே ஏறும்வரை பீடி பற்றவைக்காமல் காத்திருந்தார். பிறகு ரேடியேட்டருக்கு மேலே வரும் ரப்பர் ஹோஸைப் புறங்கையால் தொட்டார். நாடி பார்ப்பது மாதிரி.

"சாரே, வண்டிக்குப் பனியாக்கும். ஆனா கை குளுந்து கெடக்கு."

(பனி என்றால் எங்கள் ஊரில் காய்ச்சல். வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம்.)

விஷயம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. எஞ்ஜின் கொதிக்கிறது, மேல் ஹோஸும் ரேடியேட்டரும் ஆறிக்கிடக்கின்றன. என்றால், சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து சேரவே இல்லை. பம்போ புதுசு. நடுவில் இருக்கிற ஒரே கதவு தெர்மோஸ்டாட்.

உள்ளங்கையில் அடங்குகிற சாமான் அது. அதற்குள் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் மெழுகு. குளிர்ந்த எஞ்ஜினில் கதவு மூடியிருக்கும், எஞ்ஜின் சீக்கிரம் சூடேறட்டும் என்று. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் மெழுகு உருகி, விரிந்து, ஒரு கம்பியைத் தள்ளிக் கதவைத் திறக்கும். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. வயசானால் திறக்க மறந்துவிடும்.

மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்திருப்பீர்கள். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிறது. அந்தப் பக்கம் ஷட்டரைச் சாத்திவிட்டு, இந்தப் பக்கம் தண்ணீர் வரவில்லையே என்று தூணைப் பூசிக்கொண்டிருந்தால் எப்படி? 4,300 ரூபாய்க்கு மாமா தூண் பூசியிருந்தார்.

ஆசான் எஞ்ஜினை ஆறவிட்டுத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். எதிர் டீக்கடையில் ஒரு பாத்திரம் கடன் வாங்கி, பழையதையும் புதியதையும் நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றினார். மேலே 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வாய் திறக்க ஆரம்பித்து, கொதிப்பதற்குள் நன்றாகப் பிளந்துவிட வேண்டும். புதியது பிளந்தது. பழையது, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாயைத் திறக்கவில்லை. விலை 350 ரூபாய்.

மாமாவுக்கு அதிலும் சிக்கனம். "ஆசானே, நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு? இல்லாம ஓட்டினா என்ன?"

இது தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற வசனம். நிறைய ஷெட்டுகளில் இதைக் கழற்றி மூலையில் எறிந்துவிடுவார்கள். அப்போதைக்குச் சூடு குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் கதவே இல்லாவிட்டால் எஞ்ஜின் உடம்பு சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும். கார்புரேட்டர் வண்டி அதுவரை பெட்ரோலைக் குடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவும், தேய்மானம் கூடும். சில எஞ்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே கொல்லைப்புறக் குறுக்குவழி ஒன்றை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலே திரும்பிவிடும். சூடு குறைக்கப்போய் சூடு கூடும். ஆசான் இவ்வளவு பேசவில்லை. "செருப்பு கடிக்கிதுன்னு காலை வெட்டப்பிடாது சாரே" என்று மாட்டிவிட்டார். மாட்டும்போது மெழுகுக் கிண்ணம் எஞ்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். தட்டில் ஆடுகிற குட்டி ஊசி இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற.

எல்லாச் சூட்டுக்கும் தெர்மோஸ்டாட்டையே குறை சொல்லாதீர்கள். மார்த்தாண்டம் நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். (அம்பாசிடரில் ஃபேன் பெல்ட்டை.) நின்றால் நன்றாக இருந்து, பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. ஆயில் டிப்ஸ்டிக்கில் பால்காபி நிறம் தெரிந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள், ஹெட் வளைந்தால் 35,000 நிஜமாகிவிடும். முள் எந்நேரமும் 'சி'யிலேயே கிடந்து பெட்ரோல் குடித்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, அல்லது யாரோ புண்ணியவான் கழற்றிவிட்டார்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அது பிரஷர் குக்கர். 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் அழுத்தத்தால் 115 வரைகூடக் கொதிக்காமல் பதுங்கியிருக்கும். மூடி எடுத்த நொடியில் ஆவியும் வெந்நீருமாக முகத்தில் பாயும். வண்டியை ஓரங்கட்டி, எஞ்ஜினை நிறுத்தி, அரைமணி நேரம் டீ குடியுங்கள். மூடி கைக்குக் குளிர்ந்தபிறகு துணி போட்டுத் திறங்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதையும் விடுங்கள். உப்பும் துருவும் படிந்து குழாய்களை அடைக்கும். சுத்திகரித்த தண்ணீரும் கூலண்டும் கலந்து, டப்பாவில் போட்டிருக்கிற கணக்குப்படி, பழைய வண்டி என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாம். எங்கள் ஊர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 வருஷம் கழித்து 2022 ஜூலை 6-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. பெருமாள் படுத்தபடியே பொறுத்துக்கொண்டார். ரேடியேட்டர் பொறுக்காது.