பொறுமை எண்டு சொல்லி வாயை மூடாதீங்க

எங்கட ஊரில ஒரு பொடியன் மருந்துக் கொம்பனியில ரெப் வேலைக்குச் சேர்ந்திட்டான் எண்டா வீட்டில பெரிய சந்தோசம். கழுத்தில டை, கொம்பனி பேக், பெற்றோல் காசு, மாசம் முடிய சம்பளம். கலியாணப் பேச்சிலயும் அதுக்கொரு மதிப்பு இரிக்கி. ஆனா ராவு பத்து மணிக்கு அவன்ட போன் அடிக்கிற சத்தம் பெண்ணு பார்க்க வாறவங்களுக்குக் கேட்காது. பக்கத்தில இருக்கிற எங்களுக்குத்தான் கேட்கும்.

"இண்டைக்கு எத்தின டொக்டரப் பார்த்த? டாகட் எங்க?" எண்டு மெனேஜர் கேட்பார். தனியாக் கேட்டாலும் பரவாயில்ல. முழு டீமும் பார்க்கிற வட்சப் குறூப்பிலதான் கேட்பார். மாசக் கடைசியில கணக்கு குறைஞ்சா பாமசிக்காரர்ட கையைக் காலைப் புடிச்சு, தேவைக்கு மேல ஸ்டொக் இறக்க வேணும். அது விக்காம திரும்பி வந்தா அதுவும் இவன்ட தலையிலதான். ஜும்ஆவுக்குப் போன நேரத்திலயும் லொக்கேஷன் அனுப்பச் சொல்லியிருக்காங்க. எங்கட கூட்டாளிமார் சில பேர் வேற வேற கொம்பனியில வேலை செய்யிறாங்க. கேட்டுப் பார்த்தா கதை ஒண்டுதான்.

இதை வாப்பாட்ட சொன்னா என்ன பதில் வரும் எண்டு எங்க எல்லாருக்கும் தெரியும். "பொறு மகன். அல்லாஹ் தந்த ரிஸ்க். இந்தக் காலத்தில வேலை கிடைக்கிறதே பெரிய காரியம்." வாப்பா அன்பிலதான் சொல்றார். ஆனால் இந்த அறிவுரையை நாங்கள் ஏற்கவில்லை. பொறுமை என்பது சோதனையில் தளராமல் நிற்பது. பிழை நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது பொறுமை அல்ல. அதுவும் மருந்துக் கொம்பனியில் ஊழியர் வாயை மூடினால், நட்டம் அவரோடு மட்டும் முடிந்துவிடாது.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்கு றன்பக்ஸி கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தியாவின் மிகப் பெரிய மருந்துக் கொம்பனி அது. அமெரிக்காவில் நல்ல வேலையில் இருந்த தினேஷ் தாக்கூர் 2003இல் அங்கே வந்து சேர்ந்தார். 2004இல் புதிதாக வந்த அவருடைய மேலதிகாரி ராஜிந்தர் குமார், கொம்பனி பல நாடுகளுக்குக் கொடுத்த மருந்துப் பரிசோதனைத் தரவுகள் உண்மையானவையா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். தாக்கூரின் குழு தேடத் தேட, நாட்டுக்கு நாடு பொய்த் தரவுதான் கிடைத்தது. குமார் அதை எடுத்துக்கொண்டு பணிப்பாளர் சபை ஆட்களிடமே போனார். பிழை திருத்தப்படவில்லை. சேர்ந்து சில மாதங்களிலேயே குமார் வேலையை விட்டார். 2005இல் தாக்கூரும் விலகினார். பிறகு வேறு பெயரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு எழுதத் தொடங்கினார்.

2013 மே மாதம் அமெரிக்காவில் றன்பக்ஸி ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டு, 50 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. அதில் ஒரு விசயத்தை மட்டும் சொல்கிறோம். ஒரு குளிசை வெக்கையிலும் ஈரத்திலும் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்க்க, மாதக்கணக்கு இடைவெளி விட்டு அதைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். அங்கே அப்படிப்பட்ட பரிசோதனைகள் சிலவற்றை ஒரே நாளில், அல்லது சில நாட்களுக்குள் செய்துவிட்டு, வேறு திகதிகளைக் காட்டியிருந்தார்கள். மாதிரிகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்ததும் வெளியே வந்தது.

இப்ப யோசிங்க. திகதி தானாக மாறாது. ஒருவர் குளிசையைப் பெட்டிக்குள் வைத்திருப்பார், இன்னொருவர் பொய்த் திகதியை எழுதியிருப்பார், மூன்றாமவர் அதைச் சரி என்று ஒப்பமிட்டிருப்பார். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும், லோன் இருந்திருக்கும். "வேலை கிடைச்சதே பெரிய காரியம்" என்று சொல்லிக்கொடுத்த வாப்பாவும் இருந்திருப்பார். மேலே உள்ளவரிடம் "இது பிழை சேர்" என்று சொல்ல முடியாத இடத்தில் பொய் ஒரு நாளாந்த வேலையாக மாறிவிடுகிறது.

இது இந்தியாப் பிரச்சினை, எங்களுக்கென்ன என்று கேட்பவர்கள் வீட்டிலுள்ள மருந்துப் பெட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். இலங்கைக்கு வேண்டிய மருந்தில் பெரும்பகுதி இறக்குமதிதான். அதிலும் இந்தியாவிலிருந்து வருவதுதான் அதிகம். காத்தான்குடி ஆதார வைத்தியசாலை கிளினிக்கில் விடியவே போய் லைனில நிற்கிற உம்மாவுக்கு, அந்தக் குளிசை எந்தப் பயத்துக்குள் செய்யப்பட்டது என்று பார்க்க வழியில்லை. அவ நம்பித்தான் விழுங்குறா.

"சரி தம்பி, தாக்கூருக்கு அமெரிக்கச் சட்டப்படி 4 கோடி 80 இலட்சம் டொலர் கிடைச்சது. எங்களுக்கு என்ன கிடைக்கும்?" இது நியாயமான கேள்வி. வேலையை விட்டு எட்டு வருசம் அவர் காத்திருந்தார். அவ்வளவுக்குப் பிறகும் அங்கே தண்டம் கட்டியது கொம்பனிதான். எந்தத் தனி அதிகாரியும் சிறைக்குப் போகவில்லை. அதனாலதான் சொல்றோம், தனியாகப் போய் மெனேஜரோட மோதுங்க எண்டு நாங்க யாரையும் உசுப்பேத்த வரல்ல. ஒரு ஆள் வாய் திறந்தா அந்த ஆளை மாத்துவாங்க. இருபது பேர் ஒண்டாக் கேட்டா பதில் சொல்ல வேண்டி வரும்.

அதற்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. தொழிற்சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும். தொழிலாளரில் 40 வீதம் பேர் அங்கத்தவராக உள்ள சங்கத்தோடு பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று 1999ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டம் சொல்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது. கொழும்பிலும் கண்டியிலும் உள்ளவர்களுக்கு மட்டும் எழுதிய சட்டம் இல்ல இது.

ஆனால் எங்கட ஊரில சங்கம் எண்டாலே "பிரச்சினைக்காரன்" எண்ட பேர்தான் வரும். கடை முதலாளிமாருக்குச் சங்கம் இருந்தா அது கௌரவம். கடையில நிற்கிற பொடியனும் பேக் தூக்கிற ரெப்பும் ஒண்டா இருந்து பேசினா மட்டும் குழப்பமா?

ரெப் வேலை செய்யிற தம்பிமாரே, ராவு பத்து மணிக்கு வாற மெசேஜை அழிக்காதீங்க. திகதியோட எடுத்து வையுங்க. உங்கட சம்பளத்தில என்ன பேரில எவ்வளவு வெட்டினாங்க எண்டு எழுதி வையுங்க. அதே றூட்டில ஓடுற மற்ற ஆறு பேரையும் ஒரு நாள் பின்னேரம் கடற்கரைக்குக் கூப்பிடுங்க. வாப்பா கேட்டா, பொறுமையாத்தான் இரிக்கம், ஆனா ஏழு பேரா இரிக்கம் எண்டு சொல்லுங்க.