வாட் எண்ணின் மயக்கம்

தில்லி கரோல் பாக்கில் காருக்கு ஒலிபெருக்கி தேடும் நண்பர்களே, பெட்டியில் பெரிதாக அச்சிட்ட உச்ச வாட் எண்ணை நம்பாதீர். அது கணநேரத் தாங்குதிறன். தொடர்ந்து இயங்கும் திறனைச் சொல்வது ஆர்.எம்.எஸ். எண்ணே. ஆற்றலை இருமடங்காக்கினாலும் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். அந்தச் செலவில் கதவுத் தகட்டின் துளைகளை அடைத்து, அதிர்வை அடக்கும் பியூட்டைல் விரிப்பை நீங்களே ஒட்டினால் பாஸ் ஒலி துலங்கும்.

கெயின் என்பது ஸ்டீரியோ தரும் மின்னழுத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு; அதை ஒலியளவுக் குமிழாக எண்ணி முற்றத் திருகினால் ஒலி சிதையும், ஒலிபெருக்கியும் கருகக்கூடும்.

அதிர்ந்தால்தான் இசை என்போர் தெருவையும் எண்ணட்டும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த இரவு வரம்பு 45 டெசிபல். அதைத் தகர்த்து அயல்வீட்டுக் குழந்தையை எழுப்பும் உரிமையை எந்த ஆம்ப்ளிஃபயரும் விலைக்குத் தருவதில்லை.