பூட்டியவர் யார்?

‘லினக்ஸ் போட்டால் வைஃபை எடுக்காது, அது உழைப்பாளிக்கு ஒத்துவராது.’ விக்ரோலியின் தொழிலாளர் குடியிருப்புகளில் பழைய மடிக்கணினிக்கு உயிரூட்ட முயலும் இளைஞர்களிடம் இத்தீர்ப்பு எளிதாக வழங்கப்படுகிறது. இயக்கத்துக்குள்ளும் இது எதிரொலிக்கிறது. குறை உண்மையே. ஆனால், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட வேண்டியது கட்டற்ற மென்பொருள் அன்று.

வைஃபை அட்டை இயங்கப் பொதுவாக இரண்டு தேவை: இயங்குதளத்தில் ஓர் இயக்கி; அட்டையின் சில்லுக்குள் ஓடும் நிலைபொருள். சில்லின் நுட்ப விவரங்கள் வெளியிடப்பட்டால் இயக்கியை எவரும் எழுதலாம். பிராட்காம் நிறுவனம் பல்லாண்டுகள் அவற்றை வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் அதன் மென்பொருளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்ந்தே இயக்கி எழுத நேர்ந்தது.

வானொலி அலைகளுக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, அதனாலேயே மறைக்கிறோம் என்பது நிறுவனத் தரப்பின் வாதம். 2008இல் ஏதெராஸ் நிறுவனம் திறந்த மூல இயக்கியை அளித்தது. 2010இல் பிராட்காமே அவ்வழிக்கு வந்தது. எந்தச் சட்டமும் இடிந்து விழவில்லை. தடையாக நின்றது தொழில்நுட்பமன்று, ஏகபோக நலனே.

நிலைபொருளோ இன்றும் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. தூய்மைக்குப் பெயர்பெற்ற டெபியன் சமூகம்கூட 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பின் நிறுவியில் அதற்கு இடமளித்தது. இணையத்தில் சேரவே வழியற்றவரிடம் தூய்மை பேசிப் பயனில்லை என்பதால் இச்சமரசம் நியாயமானது. எனினும், சமரசத்தை வெற்றியெனக் கொள்ளலாகாது.

விக்ரோலியில் ஆலை கொண்ட கோத்ரெஜ் 1955இல் இந்தியத் தட்டச்சுப்பொறியை உருவாக்கியது. அதுவும் முதலாளியின் சரக்கே. ஆயினும், அதைக் கழற்றிப் பழுதுபார்க்க எந்த மெக்கானிக்கும் அனுமதி கேட்டதில்லை. இன்றைய அட்டையோ விலை கொடுத்தவருக்கும் சொந்தமாவதில்லை.

திருட்டு விண்டோஸ் நிறுவுவது இதற்கு மாற்றாகாது. அது ஏகபோகத்துக்குக் கூலியின்றி ஆள் பழக்குவதே. பொருந்தும் அட்டையைத் தேடி வாங்குவது தனிமனிதத் தீர்வு, அதுவும் போதாது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் இயங்குவது அரசியல் முடிவின் விளைவு. தமிழக அரசு 2011 முதல் இலட்சக்கணக்கான மடிக்கணினிகளை வாங்கி மாணவர்க்கு வழங்கியது. அத்தகைய கொள்முதலுக்கு நிறுவனங்களைப் பணியவைக்கும் வலிமை உண்டு. 2015இல் ஒன்றிய அரசு அறிவித்த திறந்த மூல மென்பொருள் கொள்கை தாளோடு நின்றுவிடலாகாது. நுட்ப விவரம் வெளியிடாத வன்பொருளுக்கு அரசு ஒப்பந்தப்புள்ளியில் இடமில்லை என்னும் கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் முன்னெடுக்க வேண்டும்.

பூட்டியவரை விட்டுவிட்டுக் கதவைத் தட்டியவரைப் பழிப்பது வர்க்கப் பார்வை ஆகாது.