கல்லூரி வாசல் திறந்தால் மட்டும் போதுமா? பழவேற்காட்டுப் பழங்குடி மாணவர்களை முன்வைத்து ஒரு சிந்தனை



2026 ஜனவரி மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரிகளில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான புதிய விதிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் ‘சம வாய்ப்பு மையம்’ ஒன்று இயங்க வேண்டும் என்பது அவ்விதிகளின் முக்கியமான கூறு. ஆதரித்தும் எதிர்த்தும் நாடெங்கும் குரல்கள் எழுந்தன. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே உச்ச நீதிமன்றம் புதிய விதிகளை நிறுத்தி வைத்து, 2012-ஆம் ஆண்டின் பழைய விதிகளே தொடரட்டும் என்று கூறியது.

நாளிதழ்களில் நாம் அதிகம் படித்தது, யார் மீது யார் புகார் கொடுக்கலாம் என்ற வாக்குவாதத்தைத்தான். அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி காணாமல் போயிற்று. பழங்குடி மாணவர் ஒருவர் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு அவருக்குத் துணை நிற்பது யார்? அப்படிப்பட்ட மையத்தை நடத்துகிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? டில்லியில் மட்டும் விடை தேட வேண்டிய கேள்வி அல்ல இது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

ஏரிக்கரையில் யார் யார்?

சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவிலும் சிறு பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. இதன் கரையில் மீனவக் குப்பங்கள் உள்ளன. தலித் குடியிருப்புகள் உள்ளன. முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. இவர்களோடு இருளர்களும் வாழ்கிறார்கள். மற்றவர்களின் கண்ணில் கடைசியாகப் படுகிறவர்கள் இவர்களே.

இருளர்களில் பலருக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே நாள் முழுவதும் தண்ணீரில் நகர்வார்கள். ஏரித் தொழிலை விட்டவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போனார்கள். முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகச் சிக்கி, பின்னர் அதிகாரிகளால் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் பல உண்டு.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கே ராக்கெட் தளம் அமைந்தபோது யானாதிப் பழங்குடியினர் தங்கள் காட்டு வாழ்வை இழந்தார்கள். அதே தீவிலிருந்துதான் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 நிலவுக்குப் புறப்பட்டது. ஏரிக்கரையில் நின்று அந்த நெருப்பு வாலைப் பார்க்கும் இருளர், யானாதிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவியல் பட்டம் வாங்க முடியும்?

கல்லூரிக்கு முன்பே நிற்கும் தடைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறத்தாழ 7 இலட்சத்து 95 ஆயிரம் பேர். மொத்த மக்களில் 1.1 விழுக்காடு. மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, பழங்குடியினரிடையே அது 54 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசே வகுத்துள்ள ஆறு பிரிவுகளில் இருளரும் ஒன்று.

சட்டம் இவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் இடத்தைப் பெற சாதிச் சான்றிதழ் வேண்டும். 1989 நவம்பர் முதல் பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. அதன் நோக்கம் நியாயமானதே. ஆனால் தந்தைக்கும் தாத்தாவுக்கும் எந்தக் காகிதமும் இல்லாத வீட்டில், பிளஸ் டூ முடித்த பெண் எதைக் காட்டித் தன்னை இருளர் என்று நிரூபிப்பாள்? விசாரணைக்கு அதிகாரி வரும் நாள் பெற்றோருக்கு வேலை நாள். அன்று வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோனால் இறால் வரத்தும் குறையும். கல்லூரிக் கட்டணம் கேட்கப்படுவதும் அந்த வறண்ட மாதங்களை ஒட்டித்தான்.

உள்ளே நுழைந்த பிறகு

இத்தனையையும் தாண்டி ஒருவர் கல்லூரிக்குள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன நடக்கிறது? டில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் சுகதேவ் தோரட் குழு, 2007-இல் அறிக்கை அளித்தது. விடுதியிலும் விளையாட்டிலும் வகுப்பறையிலும் அவர்கள் ஒதுக்கப்படுவதை அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது. அதற்குப் பின்தான் 2012 விதிகள் வந்தன. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலரும் வேண்டும் என்று அவை கூறின.

விதிகள் வந்த பிறகும் துயரங்கள் நிற்கவில்லை. 2019 மே மாதம் மும்பையில் பட்டமேற்படிப்பு படித்துவந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தாயும், ஐதராபாத்தில் 2016-இல் இறந்த ரோகித் வெமுலாவின் தாயும் சேர்ந்து 2019-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 2026-இன் புதிய விதிகளுக்குப் பின்னால் இந்த இரண்டு தாய்மார்களின் கண்ணீர் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பல கல்லூரிகளில் இத்தகைய பிரிவு பெயர்ப்பலகையாகவே நின்றுவிடுகிறது. ஏற்கெனவே வேலைப் பளு மிகுந்த பேராசிரியர் ஒருவரிடம் கூடுதல் பொறுப்பாக அது ஒப்படைக்கப்படும். கல்வி உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடுவதோடு அவருடைய பணி முடிந்துவிடும். மாணவர் ஏன் திடீரென்று வகுப்புக்கு வரவில்லை, ஊருக்குப் போனவர் ஏன் திரும்பவில்லை என்று தேடிப் போக அவருக்கு நேரமும் இல்லை, அவருக்கு அந்த ஊரும் தெரியாது.

கனடாவில் ஒரு பெண்மணி

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டைக் கனடாவில் காண்கிறோம். வினிபெக் ஏரியை அடுத்த ஃபிஷர் ரிவர் என்ற க்ரீ பழங்குடி ஊரில் பிறந்தவர் வெர்னா கிர்க்னெஸ். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1987-இல் முதற்குடியினருக்கான கல்வி இல்லம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநர் ஆனார். 1993-இல் அந்த மாணவர்களுக்காகப் பழங்குடி மரபுப்படி மரத்தாலான நீண்ட இல்லம் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. கூடம், நூலகம், படிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கான காப்பகம், ஊர்ப் பெரியவர்கள் வந்து அமர ஓர் அறை என்று அது ஒரு வீடாகவே அமைந்தது.

1991-இல் அவர் ரே பார்ன்ஹார்ட் என்ற கல்வியாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பழங்குடி மாணவர் படிப்பை நிறுத்தினால், மாணவரிடம் என்ன குறை என்றே பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. தங்களிடம் என்ன மாற வேண்டும் என்று கேட்பதில்லை என்பது அதன் சாரம். மதிப்பு, பொருத்தம், இருபுறப் பகிர்வு, பொறுப்பு என்ற நான்கும் கல்லூரியில் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஏரியின் அடிச்சேற்றை விரலால் படித்தவர் இருளர். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புக்கடிக்கான முறிமருந்து தயாரிக்க நஞ்சு எடுத்துத் தருகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பழவேற்காட்டுக்கு அருகே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது. அங்கே ஓர் இருளர் மாணவர் சேரும்போது, பேராசிரியர் அவருக்குக் கற்பிப்பதோடு அவரிடமிருந்து கற்றுக்கொள்ளவும் செய்தால், அதுதான் மதிப்பு. அதுதான் இருபுறப் பகிர்வு.

கனடா நாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் தாய்மொழி பேசினால் தண்டனை. அப்பள்ளிகளில் பலவற்றை நடத்தியவை கத்தோலிக்க அமைப்புகள். அதற்காகத்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று மாஸ்குவாசிஸ் சென்று பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கல்வி கொடுத்தோம் என்று சொல்வது மட்டும் போதாது, எப்படிக் கொடுத்தோம் என்பதற்கும் கணக்குக் கேட்கப்படும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது

ராஞ்சியில் 1971-இல் தொடங்கிய காஸ்னர் கல்லூரியின் நிறுவன முதல்வர் நிர்மல் மின்ஸ், ஓராவோன் பழங்குடியைச் சேர்ந்த லுத்தரன் போதகர், பின்னாளில் ஆயர். பழங்குடி மொழிகளைக் கல்லூரிப் பாடமாக்க உழைத்தவர். அவருடைய மகள் சோனாஜரியா மின்ஸ் படித்தது நம் சென்னையில்தான்: இளங்கலை மகளிர் கிறித்தவக் கல்லூரியில், முதுகலைக் கணிதம் சென்னை கிறித்தவக் கல்லூரியில். பின்னர் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராகி, 2020-இல் தும்காவில் உள்ள சிதோ கானு முர்மு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். அதே ராஞ்சி மண்ணில் ஓராவோன் குடும்பத்தில் பிறந்த பேராயர் தெலஸ்போர் தோப்போ 2003-இல் கர்தினால் ஆனார். பழங்குடியினர் வழிநடத்தக் கூடியவர்களா என்ற ஐயத்துக்கு இவர்களின் வாழ்வே பதில்.

தொடக்கத் திருச்சபையில் இதே சிக்கல் வந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அதை அடக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதலிய அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! புறக்கணிக்கப்பட்ட தரப்பின் மொழி தெரிந்தவர்களின் கையிலேயே பந்திப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. துணை மையத்தை யார் நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

நம்மிடம் கேட்கப்படுவது

முதலில் நம் கல்லூரிகள். அரசியல் சாசனத்தின் 15(5) பிரிவு, சிறுபான்மையினர் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. 30-ஆம் பிரிவு நம் நிறுவனங்களை நாமே நடத்தும் உரிமையைத் தருகிறது. இந்த உரிமையை நாம் காக்க வேண்டும். ஆனால் சட்டம் வற்புறுத்தாத இடத்தில் மனச்சான்று பேச வேண்டும். நம் மறைமாவட்டமும் துறவற சபைகளும் நடத்தும் கல்லூரிகளில் இருளர் மாணவர் எத்தனை பேர்? சேர்ந்தவர்களில் பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? அவர்களுக்கான மையத்தில் பழங்குடியைச் சேர்ந்த ஒருவராவது பொறுப்பில் இருக்கிறாரா? பெற்றோர்களும் முன்னாள் மாணவர்களும் இதைப் பணிவோடு கேட்கலாம்.

அடுத்து நம் பங்குகள். நம் இளைஞர்களில் சட்டம் படித்தவர்கள், அரசுப் பணியில் இருப்பவர்கள் உண்டு. பள்ளி முடிக்கும் இருளர் பிள்ளைகளோடு பொன்னேரி அலுவலகத்துக்கு நடந்து, சான்றிதழ் கையில் கிடைக்கும் வரை உடனிருக்க அன்பியத்துக்கு இருவர் போதும். வின்சென்ட் தே பவுல் சபையினர் முதல் பருவக் கட்டணத்தை முன்கூட்டியே கொடுத்து உதவினால், உதவித்தொகை வரும்வரை ஒரு பிள்ளை தாக்குப்பிடிக்கும்.

கடைசியாகச் சொல்வது சற்றுக் கடினமானது. ஏரியில் ‘பாடு’ என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் நல்ல ஏற்பாடு அது. போட்டியைத் தணித்தது; ஏரியையும் காத்தது. ஆனால் அந்த முறைக்குள் பிறந்தவருக்கு மட்டுமே அதில் பங்கு. இருளருக்கும் தலித்துகளுக்கும் அதில் இடம் இல்லை. நம் மீனவ மக்களும் காயம்பட்டவர்களே. துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் அவர்கள் வாழ்வை நெருக்குகின்றன. தங்களையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மீனவர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். அப்படிக் கேட்கும் நாம், ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்தும் தண்ணீரில் கால்வைக்கத் தயங்கி நிற்கும் இருளரை எப்படிப் பார்க்கிறோம்? ஏரியில் கைப்பிடி இறாலுக்கு நம்மிடம் விரட்டு வாங்கும் ஒருவரின் மகள், கல்லூரி விடுதியில் நம் மகளோடு ஒரே பாயில் அமர்ந்து உண்பாளா?

வரும் கல்வியாண்டுக்கு முன் பங்குப்பேரவைக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை வைப்போம். குப்பத்துப் பஞ்சாயத்தாரும் இருளர் குடியிருப்பின் பெரியவர்களும் சமமாக அமர்ந்து பேசட்டும். அவர்கள் பேசும்போது நாம் கேட்போம். எந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, என்ன தேவை என்பதை அவர்களே சொல்லட்டும்.