கோணம் பார்த்தீர்களா?

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 ஜனவரியில் தன் கிளாக்கோமா வழிகாட்டுதலைத் திருத்தியிருக்கிறது. புதிதாகக் கண்டறியப்படும் நாட்பட்ட திறந்த கோண கிளாக்கோமாவுக்கு இனி 360 டிகிரி எஸ்.எல்.டி. லேசர்தான் முதல் சிகிச்சை. சொட்டு மருந்து அதற்குப் பிறகு. நம் இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்கிறார்கள். வரவேற்கிறோம்.

எஸ்.எல்.டி.யையும் சொட்டு மருந்தையும் முதல் சிகிச்சையாக ஒப்பிட்ட லைட் ஆய்வின் மூன்றாண்டு முடிவைப் பார்த்தவர்கள் வேறு சொல்ல முடியாது. லேசர் பிரிவில் 74.2 சதவீதம் பேருக்கு இலக்கு அழுத்தத்தைக் காக்கச் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. டிராபெகுலெக்டமி அந்தப் பிரிவில் ஒன்றுகூட இல்லை. சொட்டு மருந்துப் பிரிவில் 11. கைக்காசு போட்டு மாதாமாதம் மருந்து வாங்கி, கட்டுப்படியாகாமல் பாதியில் விட்டுவிடும் நம் நோயாளிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

ஆனால் லேசர் படவேண்டியது டிராபெகுலர் மெஷ்வொர்க்கில். ஐரிஸ் அதை மூடிக்கொண்டிருந்தால் எதைச் சுடுவது? நைஸ் நோயறியும் கட்டத்திலேயே கோனியோஸ்கோபி கேட்கிறது. இங்கே லேசர் விற்க வருகிறவர் நீட்டும் காகிதத்தில் அந்தப் பக்கம் இருப்பதில்லை.

1998இல் வெளியான வேலூர் ஆய்வில், 30 முதல் 60 வயது வரையிலானவர்களிடம் மூடிய கோண கிளாக்கோமா 4.3 சதவீதம், திறந்த கோணம் 0.4 சதவீதம். பிறகு சென்னை நகர்ப்புறத்தில் நடந்த ஆய்வில் திறந்த கோணமே முந்தியது, உண்மைதான். அங்கும் மூடிய கோணம் 0.9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நம் ஓ.பி.யில் இதை ஒதுக்கிவிட முடியாது.

'லேசர் பலிக்கவில்லை' என்ற குறிப்போடு அண்மையில் ஒருவர் நம்மிடம் வந்தார். அறையை இருட்டாக்கி, ஒளிக்கற்றையைப் பாப்பாவில் விழாத அளவுக்குச் சுருக்கி, நான்கு கண்ணாடி லென்ஸை வைத்ததும் மேல் கோணத்தில் ஷ்வால்பே கோட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கார்னியாவை மெல்ல அழுத்தினால் ஐரிஸ் பின்வாங்க வேண்டும். வாங்கவில்லை, ஒட்டியிருந்தது. இரண்டு நிமிட வேலை. அனுப்பிய கடிதத்தில் சி.டி. விகிதம், அழுத்தம், ஃபீல்டு எல்லாம் இருந்தன. கோணம் பற்றி ஒரு வரி இல்லை.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லேசருக்கு டெண்டர் விடுகிற கைகள் கோனியோ லென்ஸ் கேட்டால் மட்டும் ஏன் நடுங்குகின்றன? லேசரின் விலைக்கு முன்னால் அந்த லென்ஸின் விலை சில்லறை. அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் அறுவைக்குப் பணம் தரும். அந்த அறுவையைத் தவிர்க்கக்கூடிய ஓ.பி. பரிசோதனைக்குத் தராது. பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976 முதல் இருக்கிறது. மாவட்ட அலுவலர்களிடம் இன்றும் கேட்கப்படும் முதல் கணக்கு எத்தனை காடராக்ட் என்பதுதான். கோணம் பார்த்ததற்குப் பதிவேட்டில் கட்டம்கூடக் கிடையாது. கட்டமில்லாத வேலையை நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் யார் செய்வார்? கேட்டு எழுதினால் 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வருகிறது, அதுவும் வந்தால்.

ஏ.எஸ்.-ஓ.சி.டி. இருக்கிறதே என்பவர்களுக்கு: அது குறுக்குவெட்டைக் காட்டும், நிறமியைக் காட்டாது. லேசரின் சக்தியை நிறமி பார்க்காமல் எப்படி முடிவு செய்வீர்கள்?

நம் கையில் இருப்பதை நாம் செய்கிறோம். நான்கு பக்கங்களிலும் கண்ட கோண அமைப்புகளை, அழுத்தும் முன்னும் பின்னும், பதிவு செய்யாத எஸ்.எல்.டி. கட்டுரைகள் அடுத்த இதழ் முதல் மதிப்பீட்டுக்கு அனுப்பப்படாமலே திருப்பப்படும்.