ஆயிரமாண்டு மரம் அலங்காரப் பொருளா?

பழங்காலக் கட்டடத்தைப் பெயர்த்து விற்றால் அது குற்றம். அதைவிட மூத்த மரத்தைப் பெயர்த்து விற்றால் வியாபாரம். ஐரோப்பாவின் முதிய ஆலிவ் மரங்கள் விஷயத்தில் நெடுங்காலம் இந்த நியாயம்தான் நடந்தது. பல இடங்களில் இன்றும் நடக்கிறது. இதை நிறுத்தியாக வேண்டும்.

ஸ்பெயினில் கட்டலோனியா, வலென்சியா, அரகோன் ஆகிய மாநிலங்களின் எல்லைகள் கூடும் சேனியா வட்டாரத்தில், தரையிலிருந்து 1.30 மீட்டர் உயரத்தில் 3.5 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள ஆலிவ் மரங்களை ஆயிரமாண்டு மரங்களாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அவை 4,000க்கும் அதிகம். பெரும்பாலானவை ‘ஃபார்கா’ ரகம். உல்டெகோனாவில் நிற்கும் ஒரு மரம் பொ.ஆ. 314இல் நடப்பட்டதாக மாட்ரிட் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இத்தகைய மரங்களில் அடிமரம் முறுக்கேறி, நடு வைரம் மட்கிப் பொந்து விழுந்திருக்கும். இருந்தும் துளிர்க்கும், காய்க்கும், எண்ணெய் தரும். 2018இல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு இந்த நிலப்பரப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது.

அங்கீகாரத்துக்கு முன்பே வியாபாரிகள் வந்துவிட்டார்கள். பொக்லைன் வேரைச் சுற்றித் தோண்டும். பெருங்கிளைகள் அறுபட்டு மரம் மொட்டையாகும். கிரேன் தூக்கி லாரியில் வைக்கும். சேருமிடம் மாளிகைத் தோட்டமாகவோ சாலை ரவுண்டானாவாகவோ இருக்கும். அங்கே மரம் பிழைத்துக்கொள்ளவும் கூடும். ஆனால், அது நின்ற மண்ணும், சாந்தில்லாமல் அடுக்கிய கல்வரப்பும், தலைமுறைகளாகக் கவாத்து செய்த கைகளின் பழக்கமும் லாரியில் ஏறுவதில்லை. மரபு என்பது இவையெல்லாம் சேர்ந்ததுதான்.

வலென்சியா 2006இலேயே முதுமரங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. கட்டலோனியாவில் ஆலிவ் மரங்களுக்கான தனிச்சட்டம் வர 2020 ஆயிற்று. ஒரே நிலம், ஒரே ரகம், நடுவில் ஓர் ஆறு. ஆனால் தென்கரை மரத்துக்குக் கிடைத்த காவலுக்கு வடகரை மரம் 14 ஆண்டுகள் காத்திருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டம், வியாபாரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழிகாட்டவே உதவும்.

“என் நிலத்து மரம், என் உரிமை” என்கிறார் விவசாயி. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஃபார்கா ஒழுங்காக ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. காயும் எளிதில் உதிராது. பக்கத்து வயலில் வேலிபோல் நெருக்கி நட்ட புது ரகங்களை இயந்திரம் அறுவடை செய்துவிட்டுப் போகிறது. நட்டத்தை அவர் தலையில் கட்டிவிட்டு, பெருமையை மட்டும் நாடு எடுத்துக்கொள்வது முறையல்ல. சேனியாவில் பட்டியலிட்ட மரங்களின் எண்ணெயைத் தனியே பிழிந்து கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். காய்க்கும் மரமே வருமானம் தந்தால் வெட்டிப் பெயர்க்க யாருக்கு மனம் வரும்?

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இத்தாலியின் புலியா சாட்சி. முதிய ஆலிவ் மரங்களைக் காக்க 2007இல் அங்கே சட்டம் வந்தது. 2013இல் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. நீர் ஏறும் குழாய்களை அது அடைத்துவிட, லட்சக்கணக்கான மரங்கள் நின்றபடியே காய்ந்தன. கோஸ்டாரிக்காவிலிருந்து வந்த ஒரு செடியோடு அது நுழைந்திருக்கக்கூடும் என்று மரபணு ஆய்வுகள் சுட்டுகின்றன. உயிருள்ள செடியையும் மரத்தையும் நாடு விட்டு நாடு கடத்தும் வியாபாரம் நோய்க்கும் வண்டி ஓட்டுகிறது.

எனவே, முதிய ஆலிவ் மரங்களைப் பெயர்த்து விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான விதியால் தடைசெய்ய வேண்டும். அவற்றைப் பராமரிக்கும் விவசாயிக்கு வேளாண் மானியத்திலிருந்து ஆண்டுதோறும் தொகை தர வேண்டும். தடையும் தொகையும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தராது. தோட்டத்துக்கு அழகு தேடும் செல்வந்தர்களுக்கும் ஒரு வார்த்தை: கன்று வாங்கி நடுங்கள், கிழமரத்தை அதன் மண்ணில் விட்டுவிடுங்கள்.